பதின்மூன்று புள்ளி இரண்டு

ஒரு செக்கனுக்கு ஒரு லீற்றர் தண்ணீர் ஓடுகிறது என்றால், நிமிடத்துக்கு எத்தனை கலன்? இந்தக் கேள்விக்கு இரண்டு சரியான விடைகள் இருக்கின்றன. பிரிட்டிஷ் கலனில் பதின்மூன்று புள்ளி இரண்டு. அமெரிக்கக் கலனில் பதினைந்து புள்ளி எட்டு ஐந்து. அமெரிக்கக் கலன் சின்னது, அதனால் எண்ணிக்கை கூடும். இவ்வளவுதான் விஷயம். பள்ளிக்கூடப் பிள்ளைகூட ஒருமுறை சொன்னால் பிடித்துக்கொள்ளும். அந்த ஒருமுறையை நான் சொல்லாமல் விட்டேன். அதனால் ஒரு பெண் இந்த நகரத்தை விட்டே போக வேண்டி வந்தது.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, இலங்கையிலேயே பொறியியல் படித்துவிட்டு மொன்றியாலுக்கு வந்தவள். கட்டடங்களைச் சூடாக்கும், குளிராக்கும் குழாய் அமைப்புகளை வரைந்து கொடுக்கிற ஓர் அலுவலகத்தில் வேலை. படித்த படிப்பு இங்கே அப்படியே செல்லாது என்பதால் உதவியாளராகத்தான் சேர்ந்தேன். பதினான்கு வருடம் அதே கதிரை. கணக்கை நான் போடுவேன், முத்திரையை வேறொருவர் குத்துவார். எனக்குக் கோபம் வராதா? நன்றாக வரும். வந்த கோபத்தையெல்லாம் கணக்கில் காட்டினேன். மற்றவர்கள் கணினியில் தட்டிக்கொண்டிருக்கும்போதே விடையை மனக்கணக்காகச் சொல்லிவிடுவேன். அதில் எனக்கு ஒரு திமிர் இருந்தது. சொல்லப்போனால் அந்த அலுவலகத்தில் என்னுடையது என்று இருந்தது அது ஒன்றுதான்.

அளவு விஷயத்தில் இந்த நாடு இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. வெளியே குளிர் செல்சியஸில், வீட்டு அடுப்பு பாரன்ஹைட்டில். ரோட்டில் கிலோமீற்றர், ஆளின் உயரம் அடியில். எங்கள் தொழிலிலும் அதே கூத்துத்தான். வரைபடத்தில் தண்ணீரின் ஓட்டத்தைச் செக்கனுக்கு இத்தனை லீற்றர் என்று எழுத வேண்டும். பம்பு அமெரிக்காவில் இருந்து வரும், அதை நிமிடத்துக்கு இத்தனை அமெரிக்கக் கலன் என்று கேட்டு வாங்க வேண்டும். பழைய கட்டடங்களின் நிலவறைக்குள் இறங்கினால், அங்கே அரை நூற்றாண்டாக ஓடிக்கொண்டிருக்கிற பம்பின் தகட்டில் பிரிட்டிஷ் கலன் பொறித்திருக்கும்.

அந்தப் பழைய தகடுகளை வாசிப்பது பெரும்பாலும் என் வேலை. எனக்கு அது பிடித்த வேலையும்கூட. சிறு வயதில் எங்கள் வீட்டில் கலன் என்றால் நாலரை லீற்றர்தான், வேறு கலன் கிடையாது. அதனால் என் மேசைத் தடுப்பில் ஒரு மஞ்சள் துண்டு ஒட்டி வைத்திருந்தேன். ‘1 லீ/செ = 13.2 கலன்/நிமி’ என்று தமிழிலேயே எழுதியிருந்தேன். எந்தக் கலன் என்று எழுதவில்லை. புதிய பம்புக்கு வேறு எண் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததை எதற்குத் துண்டில் எழுதுவது என்று இருந்துவிட்டேன்.

முதலில் சொன்ன அந்தப் பெண் சென்னைக்காரி. இங்கேயே ஒரு பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு முடித்துவிட்டு ஒப்பந்தத்தில் சேர்ந்தாள். அவளுடைய வேலை அனுமதி எங்கள் அலுவலகத்தின் பேரில்தான் இருந்தது. வசந்தத்தில் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தால் நிரந்தர வதிவிடத்துக்கு எழுதிப்போடலாம், இல்லாவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான். இதை அவள் வந்த முதல் வாரமே என்னிடம் சொல்லிவிட்டாள். அவள் அறை எடுத்திருந்தது பார்க் எக்ஸ்டென்ஷனில், என் வீட்டில் இருந்து இரண்டு தெரு தள்ளி. காலையில் ஒரே மெட்ரோவில் போவோம், மத்தியானம் ஒரே மேசையில் சாப்பிடுவோம். ஆமாம் என்பதற்கு நான் ஓம் என்று சொல்லும்போதெல்லாம் சிரிப்பாள்.

“அக்கா, நீங்க ஓம்னு சொல்றப்ப யாரோ பூஜை ஆரம்பிக்கிற மாதிரியே இருக்கு.”

“சிரியும், சிரியும். நீர் முந்தநாள் மனேஜர் பேசினவர் எண்டு சொல்ல, எங்கட ஊர்ப் பேச்சிலை உம்மை ஏசிப்போட்டார் எண்டு நினைச்சு நான் சண்டைக்குப் போகப் பாத்தன்.”

கெட்டிக்காரி. சின்ன வயதில் இருந்தே லிட்டரிலும் மீட்டரிலும் வளர்ந்தவள், அதற்குள் அவளை யாரும் அசைக்க முடியாது. பிரெஞ்சு மட்டும் இன்னும் நாக்கில் ஏறவில்லை. அலுவலகத்தில் எல்லாம் பிரெஞ்சில்தான். ஒரு சந்தேகத்தைத் தட்டுத்தடுமாறிப் பிரெஞ்சில் கேட்டால், மொழி தெரியாததைக் கணக்குத் தெரியாததாக எடுத்துக்கொண்டுவிடுவார்கள் என்று அவளுக்குப் பயம். அந்தப் பயம் நியாயமானது. வந்த புதிதில் எனக்கும் இருந்தது. அதனால் கேட்க வேண்டியதையெல்லாம் என் தடுப்புக்கு மேலால் எட்டிப் பார்த்துத் தமிழில் கேட்பாள். நானும் தமிழில் சொல்வேன். மற்றவர்களுக்கு நாங்கள் ஊர்க்கதை கதைக்கிறோம் என்ற நினைப்பு. மின்னஞ்சல் இல்லை, குறிப்பு இல்லை, கேட்டவர் என்று மூன்றாவது ஆளும் இல்லை.

ஒரு இலையுதிர்காலப் பின்னேரம் அவள் எட்டிப் பார்த்தாள். நான் அப்போது என் பொறியியலாளர் பதிவுக்கான படிவங்களை நிரப்பிக்கொண்டிருந்தேன். பதினான்கு வருட அனுபவத்தைப் பக்கம் பக்கமாக எழுதி, எங்கள் முகாமையாளர் ஒவ்வொன்றிலும் கையெழுத்து வைத்து, அவை போய்ச் சேர்ந்தால்தான் எனக்கென்று ஒரு முத்திரை கிடைக்கும். தலை முழுக்க அதுதான்.

“அக்கா, லிட்டர் பெர் செகண்ட கேலன் பெர் மினிட்டுக்கு மாத்தணும். எதால பெருக்கணும்?”

“உதிலை ஒட்டிக் கிடக்கு. பாத்து எழுதும்.”

“பதிமூணு புள்ளி ரெண்டா?”

“ஓம்.”

நான் திரும்பியும் பார்க்கவில்லை. எந்தக் கலன் என்று அவள் கேட்கவில்லை. கலன் இரண்டு உண்டு என்றே தெரியாதவள் அதை எப்படிக் கேட்பாள்? கேட்டிருக்க வேண்டியது நான். எதற்கு, பழைய பம்புக்கா புதுசுக்கா என்று ஒரு வார்த்தை. அதற்கு எனக்கு அன்று நேரமில்லை.

அவள் பார்த்துக்கொண்டிருந்தது மொன்றியால்-நோரில் இருக்கிற நான்கு மாடி வாடகைக் கட்டடம் ஒன்றின் வேலை. நிலவறையில் சூடாகிற தண்ணீரை ஒவ்வொரு வீட்டு ரேடியேற்றருக்கும் தள்ளுகிற பம்பைப் புதிதாகப் போட வேண்டும். தேவை செக்கனுக்குப் பன்னிரண்டு லீற்றர். அமெரிக்கக் கலனில் நூற்றுத் தொண்ணூறு என்று எழுதியிருக்க வேண்டும். அவள் பன்னிரண்டைப் பதின்மூன்று புள்ளி இரண்டால் பெருக்கி, நூற்று ஐம்பத்தெட்டு என்று எழுதினாள். பெருக்கலில் ஒரு பிழையும் இல்லை. அந்தத் தாளை மேலோட்டமாகப் பார்த்து முகாமையாளர் கையெழுத்து வைத்தார். நூற்று ஐம்பத்தெட்டுக்கு ஒரு பம்பு வந்தது, பூட்டியாயிற்று.

தை மாதக் குளிர் இறங்கியதும் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. மேல்மாடியில், பம்புக்குத் தூரமாக இருந்த மூலை வீடுகளில் சூடு ஏறவில்லை. குழாய்களில் ஓட்டத்தை அளக்கிறவர் போய் அளந்துவிட்டு, பன்னிரண்டு இல்லை, பத்துத்தான் வருகிறது என்று எழுதி அனுப்பினார். என்னவென்று பார்த்து வரச் சொல்லி என்னையும் அவளையும் அனுப்பினார்கள்.

நான்காம் மாடியில் ஒரு ஹெய்ட்டி அம்மா கதவைத் திறந்தார். சமையலறையில் அடுப்பின் கதவைத் திறந்து விட்டு, அந்தச் சூட்டில் பிள்ளையை மேசையில் இருத்தியிருந்தார். நான்கு வயது இருக்கும். பனிக்கோட்டோடும் தொப்பியோடும் இருந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அந்த அம்மா எங்களை ஏசவில்லை. “தொட்டுப் பாருங்கள்” என்று மட்டும் பிரெஞ்சில் சொன்னார். தொட்டேன். ரேடியேற்றர் ஆறிப்போன தேத்தண்ணி மாதிரி இருந்தது.

நிலவறைக்கு இறங்கினோம். புதிய பம்பின் தகட்டை டோர்ச் அடித்து வாசித்தேன். நூற்று ஐம்பத்தெட்டு, அமெரிக்கக் கலன். பழக்க தோஷம், மனம் தானாகவே அதைப் பன்னிரண்டால் வகுத்தது. பதின்மூன்று புள்ளி இரண்டு வந்தது. அந்த எண்ணை எனக்குத் தெரியாதா? என் கையெழுத்தில்தானே அது ஒட்டிக் கிடந்தது.

அவள் அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “எங்கக்கா தப்பாயிருக்கும்?”

“அலுவலகத்துக்குப் போய்ப் பாப்பம்” என்றேன்.

அதுதான் முதல் பொய். அடுத்ததைச் சொல்ல எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது. மறுநாள் காலையில் அவளோடு போகாமல், அரை மணித்தியாலம் முன்னதாகவே மெட்ரோ ஏறிப் போய், அந்த மஞ்சள் துண்டை உரித்துக் கைப்பைக்குள் வைத்தேன். கிழித்துப் போடக்கூட இல்லை. கிழித்தால் நான் குற்றவாளி ஆகிவிடுவேன் என்பது போல ஒரு புத்தி. அவள் வந்து, என் தடுப்பைத் தாண்டிப் போகும்போது அந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். நின்றாள். பிறகு தன் மேசைக்குப் போய்விட்டாள். முதல்நாள் இரவு வீட்டில் அவளும் தேடிப் பார்த்து, கலன் இரண்டு என்று கண்டுபிடித்திருந்தாள். அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

பதினொரு மணிக்குக் கூட்டம். முகாமையாளர் சத்தம் போடுகிற மனிதர் இல்லை. தாளை எங்கள் முன் வைத்து, நூற்று ஐம்பத்தெட்டைப் பேனாவால் சுற்றினார்.

“இந்த எண் எங்கிருந்து வந்தது?” என்று அவளிடம் கேட்டார்.

அவள், தான்தான் கணக்கிட்டதாகச் சொன்னாள்.

“அது தெரியும். எதால் பெருக்கினீர்கள், அது எங்கே கிடைத்தது?”

அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் வாயைத் திறந்திருப்பேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது வெறும் சாட்டு. நான் என் குறிப்புப் புத்தகத்தில் திகதியை எழுதி, அதன் கீழே கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேலேயே இன்னொரு கோடு போட்டுக்கொண்டிருந்தேன். என் அனுபவப் படிவங்களில் பாதியைத்தான் அவர் கையெழுத்து வைத்துத் தந்திருந்தார். மற்றப் பாதி அவருடைய மேசையில் இருந்தது. அதை மட்டும்தான் நினைத்தேன். மேல்மாடிப் பிள்ளையை நினைக்கவில்லை, அவளையும் நினைக்கவில்லை.

அவர் இரண்டாம் முறை கேட்டார். அவள் பிரெஞ்சில், “எனக்குத் தெரியாது” என்றாள்.

புதிய பம்பை அலுவலகம் தன் செலவில் மாற்றிக் கொடுத்தது. இரண்டு கிழமையில் மேல்மாடி சூடாகிவிட்டது. வசந்தத்தில் அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. வேறு வேலை தேடினாள். வேலை அனுமதிக்குக் கடிதம் கொடுத்து எடுக்க யாரும் இல்லை. அந்த வாரங்களில் நான் அவளுக்கு நல்ல அக்காவாக இருந்தேன். விண்ணப்பக் கடிதங்களைத் திருத்திக் கொடுத்தேன், புட்டு அவித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெட்டிகளை அளந்து பார்த்து, எது விமானத்தில் போகும் எது போகாது என்று சொன்னேன். உண்மையைத் தவிர மற்ற எல்லாம் கொடுத்தேன்.

அவள் போவதற்கு முதல்நாள் அகாடி மெட்ரோ வாசலில் சந்தித்தோம். தன் அரிசிக் குக்கரை எனக்குத் தந்துவிட்டுப் போக வந்திருந்தாள். குக்கரை வாங்கிக்கொண்டு, விமான நேரம், பாரம் என்று நான் என்னவோ அலட்டிக்கொண்டிருந்தேன். அவள் குறுக்கே பேசினாள்.

“நான் உங்க பேரச் சொல்லலக்கா. உங்க ஃபார்ம் எல்லாம் அவர்கிட்ட இருந்துச்சுல்ல. நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்.”

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் கோபப்பட்டுத் தப்பியிருப்பேன், எனக்கு அது கைவந்த கலை. நான் சொன்னது இதுதான்: “பேந்து கதைப்பம் பிள்ளை, இப்ப உமக்கு நேரம் போகுது.” அவள் தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

பேந்து என்ற அந்தப் ‘பிறகு’ வரவேயில்லை. முதல் இரண்டு வருடம் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவளிடம் இருந்து வாழ்த்து வந்தது. நானும் விளக்குப் படமும் பானைப் படமும் அனுப்பினேன். பிறகு அதுவும் நின்றுவிட்டது.

எனக்கு முத்திரை கிடைத்தது. வீட்டில் கேக் வெட்டினார்கள். பிள்ளைகள் பிரெஞ்சில் வாழ்த்து எழுதி ஒட்டினார்கள். அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன் என்பதையும் மறைக்கக்கூடாது. முத்திரை குத்திய முதல் தாளில் ஓட்டத்தை மூன்று அளவிலும் எழுதினேன்: லீற்றர், அமெரிக்கக் கலன், பிரிட்டிஷ் கலன். இன்று வரைக்கும் அப்படித்தான் எழுதுகிறேன். அலுவலகத்தில் அதை என் கவனம் என்று மெச்சுகிறார்கள். ஒவ்வொரு முறையும் எனக்கு நாக்கு கசக்கிறது.

போன வருடம் முகாமையாளர் ஓய்வுபெற்றார். விருந்துக்கு முன், அவருடைய அறையில் பெட்டிகளுக்குள் புத்தகங்களை அடுக்க உதவிக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். இனி அவரால் என்னை ஒன்றும் செய்ய முடியாது என்ற துணிவில்தான் சொன்னேன், பெரிய மனது ஒன்றும் இல்லை. மஞ்சள் துண்டு, ஓம் என்ற ஒரு சொல், கைப்பை, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கையில் இருந்த புத்தகத்தை மேசையில் வைத்தார்.

“அந்தத் தவறுக்காக நான் அவரை அனுப்பவில்லை” என்றார். “இளவயதில் அதே தவறை நானும் செய்திருக்கிறேன். இந்த நாட்டில் இந்தத் தொழிலில் அதைச் செய்யாதவர் யார்? எண் எங்கிருந்து வந்தது என்று இரண்டு முறை கேட்டேன். தெரியாது என்றார். தான் எழுதிய எண் எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஒருவரை வைத்திருக்கப் பயந்தேன். அவ்வளவுதான்.”

“நான் அப்பவே சொல்லியிருந்தால்?”

“இருவரையும் திட்டியிருப்பேன். எந்தக் கலன் என்று துண்டில் எழுதச் சொல்லியிருப்பேன். பிறகு சாப்பிடப் போயிருப்போம்.”

என் படிவங்கள்? அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்காமலே அவர் சொன்னார், கூட்டம் நடந்த அன்று காலையிலேயே மிச்சம் எல்லாவற்றிலும் கையெழுத்து வைத்து முடித்துவிட்டாராம். அவற்றை என்னிடம் தர மறந்து, இரண்டு நாள் கழித்துத்தான் தந்தார். எனக்கு இல்லாத ஒரு ஆபத்துக்குப் பயந்து நான் வாயை மூடினேன். அந்த இல்லாத ஆபத்தில் இருந்து என்னைக் காப்பாற்ற அவளும் வாயை மூடினாள். அவள் வாயை மூடியதுதான் அவளை அனுப்பியது.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்ததும், அவளுடைய பழைய தொலைபேசி இலக்கத்துக்கு எழுதினேன். எத்தனையோ தடவை மனதுக்குள் அலங்கரித்து வைத்திருந்த வசனங்கள் ஒன்றும் உதவவில்லை. அந்த எண்ணை உமக்குத் தந்தது நான், துண்டை உரித்தது நான், கூட்டத்தில் தெரிந்தும் வாய் திறக்காமல் இருந்தவள் நான், அவர் உம்மை அனுப்பியது நீர் என்னைக் காட்டிக்கொடுக்காததால்தான், எல்லாவற்றையும் இன்று அவரிடம் சொல்லிவிட்டேன், என்னை மன்னியும் என்று எழுதினேன். அவள் இப்போது சென்னையில், பம்புக்கும் குழாய்க்கும் சம்பந்தமில்லாத ஏதோ ஒரு வேலையில் இருக்கிறாள் என்று மட்டும் தெரியும்.

வாசித்துவிட்டாள் என்பதற்கு அடையாளமாக இரண்டு சரிக்குறியும் நீலமாயின. எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது, மறுபடி நின்றது. சமையலறையில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் மூன்றாம் நாள் வந்தது.

“அக்கா, படிச்சேன். பரவாயில்லக்கான்னு டைப் பண்ணினேன், அழிச்சிட்டேன். மறுபடியும் டைப் பண்ணி மறுபடியும் அழிச்சிட்டேன். மூணு நாளா ட்ரை பண்றேன். வரலக்கா.”